தலையும் பாதமும் மட்டும்: டோடோவின் எலும்புப் படத்தை நம்பலாமா?

18 ஜனவரி, காலை 9.40 (மொரிஷியஸ் தீவின் கத்ர் போர்னிலிருந்து ஒரு வாசகர்)

என் பையன் படிக்கும் பள்ளிச் சுவரில், நம் தீவில் வாழ்ந்து அழிந்துபோன டோடோ பறவையின் எலும்புக்கூட்டுப் படம் ஒன்று தொங்குகிறது. 1866இல் லண்டனில் அச்சான பழைய உடற்கூற்றுப் படத்தின் நகல். குந்தி உட்காரப் போகிற மாதிரி குட்டையாக, அகலமாக இருக்கிறது. ஓவியன் கூட்டியோ குறைத்தோ வரையலாம், எலும்பு பொய் சொல்லாது. ஆகவே டோடோ தொப்பை சரிந்த குண்டுப் பறவைதான் என்கிறேன். யாராவது மறுக்கிறீர்களா?

18 ஜனவரி, இரவு 8.15

மறுக்கிறேன் தம்பி. எலும்பு பொய் சொல்லாது, சரி. ஆனால் அது தானாக எழுந்து நிற்பதும் இல்லை. யாராவது அடுக்க வேண்டும். அடுக்குகிறவர் மனதில் ஏற்கெனவே ஓர் உருவம் உட்கார்ந்திருக்கும்.

நீங்கள் சொல்லும் படம் ரிச்சர்ட் ஓவன் என்ற ஆங்கிலேய உடற்கூற்று அறிஞர் வெளியிட்டது. ரூலன்ட் சாவ்ரி என்ற ஓவியர் 1626 வாக்கில் தீட்டிய கொழுத்த டோடோ ஒன்று லண்டனில் இருந்தது. ஓவன் அந்த ஓவியத்தின் வெளிக்கோட்டை எடுத்துக்கொண்டு, கோட்டுக்குள் எலும்புகளைப் பொருத்தினார். சட்டையை முதலில் தைத்துவிட்டு ஆளை அதற்குள் திணித்தது போல. ஓவியம் குண்டு, அதனால் எலும்புக்கூடும் குந்திக்கொண்டது.

சில வருஷத்தில் அவருக்கே அது சரியாகப் படவில்லை. 1872இல் அச்சான அவருடைய அடுத்த படத்தில் அதே பறவை கால்களை நீட்டி நிமிர்ந்து நிற்கிறது. உங்கள் பையன் தினமும் பார்ப்பது, வரையவைத்தவரே பிறகு மாற்றிவிட்ட படம்.

19 ஜனவரி, காலை 6.05

ராத்திரி படுத்த பிறகும் இதே நினைப்பு. ஏன் இவ்வளவு வேகமாகப் பதில் எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். பதினாலு வருஷத்துக்கு முன்னால் 'உடல் உறுப்புகள்' பாடத்துக்கு ஒரு பெரிய அட்டை செய்தேன். இடப்பக்கம் மனிதன், வலப்பக்கம் டோடோ. அலகு, கழுத்து, இறக்கை, கால் என்று தமிழில் பெயர் எழுதி நூல் ஒட்டினேன். நம் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ் அவர்களுக்கு வாரத்தில் சில மணி நேரப் பாடம். ஊர்ப் பறவையை வைத்துச் சொன்னால் வார்த்தை மனதில் தங்கும் என்று நினைத்தேன், தங்கவும் செய்தது. ஆனால் நான் பார்த்து வரைந்தது அந்த 1866 படத்தைத்தான். பதினாலு வகுப்புப் பிள்ளைகள் அந்தத் தப்பான கூட்டைப் பார்த்து 'எலும்பு' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது.

20 ஜனவரி, பகல் 1.30

ரோஸ் ஹில் அக்கா கேட்டிருக்கிறார்கள்: "எலும்பு கையில் இருக்கும்போது ஓவியத்தை ஏன் நம்ப வேண்டும்?" இந்த இழையில் வந்த நல்ல கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1865க்கு முன்னால் டோடோவில் உலகத்திடம் மிஞ்சியிருந்தது எவ்வளவு தெரியுமா? ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு தலையும் ஒரு பாதமும். லண்டனில் இன்னொரு பாதம். கோபன்ஹேகனில் ஒரு மண்டையோடு. ப்ராகில் அலகும் சில துண்டுகளும். அவ்வளவுதான். தலை உண்டு, பாதம் உண்டு, நடுவில் ஒன்றுமே இல்லை.

நம் புலவர்கள் உடம்பைப் பாடும்போது பாதாதிகேசம் என்று பாதத்தில் தொடங்கி முடிவரை போவார்கள், அல்லது கேசாதிபாதம் என்று முடியிலிருந்து இறங்குவார்கள். எப்படிப் போனாலும் வழியில் முழங்கால், இடை, மார்பு, தோள், கழுத்து என்று ஒவ்வொரு படியிலும் நின்று போக வேண்டும். டோடோவுக்கோ இரண்டு நுனியும் இருந்தன, படிகள் காணாமல் போயிருந்தன. இருநூறு வருஷத்துக்கு மேலாக அந்த நடு உடம்பை ஓவியர்கள்தான் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வரைந்ததைப் பார்த்து இன்னொருவர். ஒவ்வொரு நகலிலும் வயிறு கொஞ்சம் கூடியது. அப்படிப் பழகிப்போன கண்ணோடு, நடு உடம்பின் எலும்புகளை முதன்முதலாக மேசைமேல் பரப்பினால் கண் எதைத் தேடும்?

ஆக்ஸ்ஃபோர்டு தலை மட்டும் அதற்கு முன்பே ஒரு பெரிய வேலை செய்திருந்தது. 1840களில் அதன் ஒரு பக்கத் தோலை உரித்து, கீழே இருந்த எலும்பை வரைந்தார்கள். ஸ்ட்ரிக்லண்ட், மெல்வில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1848இல் அந்தப் படங்களோடு நூல் வெளியிட்டு, இது புறா இனம் என்று நிறுவினார்கள். கழுகு என்றும் நெருப்புக்கோழி என்றும் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. புறா என்று ரைன்ஹார்ட் என்ற டேனிஷ்காரர் 1842இலேயே சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 2002இல் மரபணுவைப் பார்த்தபோதும் புறாதான் வந்தது. உயிரோடு இருப்பவற்றில் நெருங்கிய சொந்தம் நிக்கோபார் புறா. சென்னைக்கு நேர் கிழக்கே போய்க் கொஞ்சம் தெற்கே இறங்கினால் அந்தத் தீவுகள். நம் முன்னோர் கப்பலேறிய அதே வங்கக் கடலில் டோடோவின் உறவுக்காரி இன்னும் பறக்கிறாள்.

தோலை உரித்து உள்ளே பார்த்து வரைந்த படம் சரியாக வந்தது. வெளிக்கோட்டை வைத்துக்கொண்டு உள்ளே நிரப்பிய படம் தவறியது.

20 ஜனவரி, இரவு 9.50

ஆக்ஸ்ஃபோர்டு டோடோவை 1755இல் தீயில் போட்டார்கள், யாரோ தலையையும் காலையும் பாய்ந்து பிடுங்கிக் காப்பாற்றினார்கள் என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லி வந்தேன், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. ஆனால் தீ என்பது பிறகு ஒட்டிக்கொண்ட அலங்காரம். பதப்படுத்தி வைத்த உடம்பு பூச்சி அரித்துக் கெட்டுப்போனது. கெட்டதை எடுத்தெறிந்து, தேறியதை வைத்துக்கொண்டார்கள். இனி வகுப்பிலும் இப்படியே சொல்ல வேண்டும்.

அந்தத் தலையைப் பற்றி இன்னொன்று. 2018இல் அதை ஊடுகதிரில் வைத்துப் பார்த்தபோது பின்மண்டையில் ஈயக் குண்டுகள் இருந்தன. லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டு வயதாகிச் செத்த பறவை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். யாரோ பின்னாலிருந்து சுட்டிருக்கிறார்கள். எத்தனையோ பேர் வரைந்த தலை அது. ஒரு படத்திலும் அந்தக் குண்டுகள் இல்லை.

23 ஜனவரி, மாலை 5.20

தம்பி திரும்பவும் வந்திருக்கிறார். "அழிந்துபோன பறவைக்கு இப்படி ஆகலாம். மனித உடம்பு கண்முன்னால் இருக்கிறதே, அங்கே எப்படித் தப்பு வரும்?"

வந்தது. அதுவும் ஆயிரத்து முந்நூறு வருஷம் நின்றது. கேலன் என்ற ரோம் காலத்து வைத்தியர் குரங்கையும் மாட்டையும் பன்றியையும் அறுத்துப் பார்த்து, அதை மனிதனுக்கும் எழுதிவைத்தார். கீழ்த்தாடை இரண்டு எலும்பு, மார்பெலும்பு ஏழு துண்டு என்று. பிறகு வந்தவர்கள் பிணத்தை அறுத்தபோதும் அதே ஏழைத்தான் பார்த்தார்கள். பேராசிரியர் மேடையில் உட்கார்ந்து ஏட்டை வாசிப்பார், கீழே நாவிதர் கத்தியோடு நின்று அறுப்பார். ஏட்டில் இருப்பதும் உடம்பில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால், உடம்பில்தான் குறை என்று முடிவு. வெசேலியஸ் என்ற உடற்கூற்று ஆசிரியர் கீழே இறங்கித் தானே கத்தியை எடுத்தார். 1543இல் பாசல் நகரத்தில் அச்சான அவருடைய நூலில் கீழ்த்தாடை ஒன்று, மார்பெலும்பு மூன்று. அந்தப் படங்களில் எலும்புக்கூடுகள் மலையடிவாரத்தில் நிற்கின்றன, ஒன்று மண்வெட்டியில் சாய்ந்திருக்கிறது. முதன்முதலாக அதைப் பார்த்தபோது எனக்குக் கரும்புத் தோட்டத்து ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

ஓவியர் லியனார்டோ டா வின்சி கதை இன்னும் ஆச்சரியம். 1511 வாக்கில் கருப்பையில் சுருண்டிருக்கும் குழந்தையை வரைந்தார். பார்த்தால் கை நடுங்கும், அவ்வளவு உயிர். ஆனால் குழந்தையைச் சுற்றியிருக்கும் நஞ்சுக்கொடி பசுவினுடையது. அவர் மனித உடம்பை அறுத்ததே இல்லை, விலங்கைப் பார்த்துத்தான் எல்லாம் போட்டார்.

24 ஜனவரி, காலை 7.10

நேற்று எழுதியதில் கடைசி வரியை எடுத்துவிடுங்கள். அவர் மனித உடம்புகளை நிறையவே அறுத்திருக்கிறார், முப்பது வரை என்று அவரே கணக்குச் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. கிடைக்காதது கர்ப்பிணியின் உடம்பு. அந்த ஓர் இடத்தைத்தான் பசுவை வைத்து நிரப்பினார். இது ரொம்ப முக்கியமான வித்தியாசம், அவசரத்தில் விட்டுவிட்டேன். பார்க்கக் கிடைக்காத இடத்தில்தான் பழகிய உருவம் வந்து உட்காருகிறது. டோடோவின் நடு உடம்பும் அதே கதை.

24 ஜனவரி, பகல் 12.45

மாடு வளர்த்த வீட்டு ஆள் ஒருவர் கேட்கிறார், பசுவின் நஞ்சுக்கொடி எப்படி வேறு என்று. கன்று போட்ட பிறகு விழுவதைப் பார்த்திருப்பீர்களே, பொத்தான் பொத்தானாகத் திட்டுகள் இருக்கும். மனிதருக்கு ஒரே வட்டத் தட்டு. லியனார்டோ போட்டிருப்பது பொத்தான்கள்.

29 ஜனவரி, இரவு 10.30

சிவகங்கையிலிருந்து எழுதும் ஒரு வாசகர் 'மார் ஓ சோன்ஜ்' என்ற இடத்தைக் 'கனவுக் குளம்' என்று மொழிபெயர்த்திருக்கிறார். பிரெஞ்சு அகராதியில் அப்படித்தான் வரும், அவர்மேல் குற்றமில்லை. ஆனால் இந்தத் தீவில் சோன்ஜ் என்றால் சேம்பு. அதன் இலையைக் கீரையாகச் சமைக்கிறோம், ப்ரேத் சோன்ஜ் என்று சந்தையில் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். அந்த இடம் சேம்புக் குட்டை. மாயேபூருக்குப் பக்கத்தில், இன்றைய விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது.

டோடோவின் நடு உடம்பு அங்கேதான் கிடைத்தது. 1865. மாயேபூர்ப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் கிளார்க் ஏறக்குறைய முப்பது வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார். ஹிகின்சன் என்ற ரயில்பாதைப் பொறியாளர் பின்னாளில் எழுதியது ஒரு விதம்: குட்டையில் கரிமண் வெட்டிக்கொண்டிருந்த கூலிகள் எலும்புகளைத் தனியே பொறுக்கிக் குவித்துவைத்திருந்தார்கள், அவர் பார்த்து எடுத்துப்போய் கிளார்க்கிடம் காட்டினார். கிளார்க் எழுதியது வேறு விதம், அதில் ஹிகின்சனே இல்லை. கரையில் தேடிக் கிடைக்காமல், குட்டையின் நடுவே மூன்றடித் தண்ணீரில் ஆட்களை இறக்கினாராம். அவர்கள் வெறுங்காலால் சேற்றைத் துழாவினார்கள். முதலில் தட்டுப்பட்டது ஒரு முழுக் கீழ்க்கால் எலும்பு, இன்னொன்றின் துண்டு, ஒரு பாதத்தண்டு எலும்பு.

இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஆனால் இரண்டிலும் எலும்பை முதலில் தொட்டவர்கள் கூலி ஆட்கள்.

காலால் துழாவிக் காலைக் கண்டுபிடித்தார்கள். பாதாதிகேசம் என்று போன வாரம் எழுதியபோது எனக்கு இது தோன்றவே இல்லை. சேற்றில் கிடப்பது கல்லா, வேரா, எலும்பா என்று உள்ளங்காலால் சொல்வது லேசான காரியமில்லை. வயலில் நாற்று நட்ட கால்களுக்கு அது தெரியும். அந்தக் கால்கள் தொட்ட எலும்புகள் கப்பலேறி லண்டன் போயின. ஆல்ஃபிரட் நியூட்டன் என்ற கேம்பிரிட்ஜ்காரருக்குப் போக வேண்டிய தொகுதியை ஓவன் முந்திக்கொண்டு வாங்கி, 1866இல் நூல் போட்டார். எந்த எலும்பு யார் வசம் என்று அவர்களுக்குள் மனத்தாங்கல். கிளார்க் பெயர் இருக்கிறது, ஓவன் பெயர் இருக்கிறது, நியூட்டன் பெயர் இருக்கிறது, நிலத்துக்காரர் தெ பிஸ்ஸி பெயர்கூட இருக்கிறது. குட்டையில் இறங்கியவர்களுக்கு 'ஆட்கள்', 'கூலிகள்' என்ற சொல் மட்டும்.

30 ஜனவரி, காலை 5.50

தூக்கம் வரவில்லை.

1 பிப்ரவரி, மாலை 4.00

பெயர் எழுதும் பழக்கம் அந்தக் காலத்தில் இல்லை, இதைப் பெரிதாக எடுக்க வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் அதை ஏற்கமாட்டேன்.

மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒப்பந்தக் கூலியாக வந்த ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் எண் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், சாதி, உயரம், உடம்பில் உள்ள தழும்பு. 1860களிலிருந்து புகைப்படமும் எடுக்க ஆரம்பித்தார்கள். என் பாட்டியின் தாத்தா பதிவை நான் தேடி எடுத்தேன். பெயரை நம் காதுக்குப் பிடிபடாதபடி சிதைத்து எழுதியிருந்தார்கள். உயரம் மட்டும் தெளிவாக இருந்தது. அடையாளம் என்ற இடத்தில், இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. அந்த மனிதரைப் பற்றி எங்கள் குடும்பத்திடம் இருக்கும் ஒரே உடற்கூற்றுக் குறிப்பு அதுதான். முகம் எப்படி இருந்தது என்று தெரியாது, முழங்கால் தெரியும்.

ஆகவே எழுதும் பழக்கம் இருந்தது. தோட்டத்தை விட்டு ஓடினால் பிடிப்பதற்காகத் தழும்புவரை எழுதினார்கள். அறிவியல் நூலில் நன்றி சொல்ல வேண்டிய இடத்தில்தான் எழுதவில்லை.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. அப்படியே இருக்கட்டும்.

5 பிப்ரவரி, காலை 6.30

காவடிக்கு இன்னும் ஆறு நாள். விரதம், பச்சைக் காய்கறி, கோயில் வேலை. இரண்டு மூன்று நாள் இந்தப் பக்கம் வர முடியாது.

போவதற்கு முன் ஒன்று. எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு பெரியவர் நாற்பது வருஷமாகக் கன்னத்திலும் நாக்கிலும் அலகு குத்திவிடுகிறார். நேற்று அவரிடம் கேட்டேன், எந்த இடத்தில் குத்தலாம் என்று எப்படித் தெரிகிறது தாத்தா என்று. ஒன்றும் சொல்லாமல் தன் கட்டைவிரலை என் கன்னத்துக்கு உள்ளேயும் ஆள்காட்டி விரலை வெளியேயும் வைக்கிற மாதிரி காற்றில் காட்டி, மெல்ல உருட்டினார். "இங்கே துடிக்கும். இங்கே துடிக்காது. துடிக்காத இடம் நம்முடையது" என்றார். அவர் ஒரு படமும் பார்த்ததில்லை. கன்னத்தில் ரத்தக்குழாய் ஓடும் வழி அவர் விரலில் இருக்கிறது. குட்டையில் இறங்கிய கால்களை நினைத்துக்கொண்டேன்.

13 பிப்ரவரி, இரவு 8.40

காவடி நல்லபடி முடிந்தது. வாழையிலையில் செத் காரி (ஏழு கறி) சாப்பிட்டு, ஒரு நாள் முழுக்கத் தூங்கி எழுந்தேன்.

நான் இல்லாதபோது ஃப்ளாக் ஊர் அண்ணன் ஒருவர் "ஓவன் படம் தப்பு என்றால் சரியான டோடோ எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். போர்ட் லூயியில்தான் அண்ணா! கம்பெனித் தோட்டத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில். உலகத்தில் ஒரே ஒரு தனிப்பறவையின் முழுமையான எலும்புக்கூடு அது ஒன்றுதான். மற்ற ஊர்களில் நிற்பவை பெரும்பாலும் பல பறவைகளின் எலும்புகளைச் சேர்த்துக் கட்டியவை. சேம்புக் குட்டையில் ஆயிரக்கணக்கில் கிடைத்தாலும் எல்லாம் கலந்து கிடந்தன, இந்தத் தொடை எந்தப் பறவைக்கு என்று சொல்ல முடியாது.

இதைக் கண்டெடுத்தவர் எத்தியேன் திரியூ. போர்ட் லூயியில் முடிதிருத்தும் தொழில் செய்தவர். விடுமுறை நாளில் லெ பூஸ் மலைப் பக்கம் குகை குகையாகத் தேடினார். ஏறக்குறைய 1904இல் இந்தப் பறவை அகப்பட்டது. பெரிய பட்டம் எதுவும் இல்லாதவர். அவருடைய டோடோ நூறு வருஷத்துக்கு மேல் கண்ணாடிக்குள் நின்றும், யாரும் அதை முறையாக விவரித்து எழுதவில்லை. 2016இல்தான் முப்பரிமாண ஒளிவருடலில் எடுத்து முழு உடற்கூற்று நூலாக வெளியிட்டார்கள். முழங்கால் சில்லு, கணுக்கால், மணிக்கட்டுச் சிற்றெலும்புகள் என்று யாரும் அதுவரை வரையாதவை அதில் வந்தன. இவ்வளவு பேர் வரைந்த பறவைக்கு முழங்கால் சில்லு இருப்பதே அப்போதுதான் படத்தில் ஏறியது. சேற்றில் சின்ன எலும்பு காலுக்குத் தட்டுப்படாது. காய்ந்த குகையில் ஒரே பறவை அப்படியே கிடந்ததால் தப்பியது.

பிணத்தை அறுத்த நாவிதரைப் பற்றி 23ஆம் தேதி எழுதினேன். நம் ஊரிலும் முடிதிருத்துவோரை மருத்துவர் என்றுதான் சொல்வார்கள். கட்டி அறுப்பது, எலும்பு கூட்டுவது அவர்கள் கை. பிரசவம் பார்த்தது அந்த வீட்டுப் பெண்கள். திரியூவைப் படிக்கும்போது எனக்கு அந்தச் சொல்தான் மனதில் ஓடியது.

14 பிப்ரவரி, பகல் 1.10

எடை கேட்டவருக்கு: பழைய நூல்களில் 20 கிலோவுக்கு மேல் போட்டிருப்பார்கள். 2011இல் கால் எலும்புகளின் அளவை வைத்துக் கணக்கிட்டதில் சுமார் 10 கிலோ வந்தது. நல்ல வான்கோழி எடை.

16 பிப்ரவரி, மாலை 6.00

யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர், உடற்கூற்றுச் சொற்களுக்கு இப்போது வகுப்பில் இவ்வளவு திண்டாடுகிறோமே, தமிழில் இது புதிதா என்று கேட்டு, தாமே பதிலும் தந்திருக்கிறார். எனக்கு மேனி சிலிர்த்துவிட்டது. மானிப்பாயில் இருந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். மாணவர்களோடு சேர்ந்து ஆங்கில நூல்களை மொழிபெயர்த்தார். 1872இல் வந்த நூலின் பெயர் 'மனுஷ அங்காதிபாதம்'. ஹென்றி கிரே எழுதி 1858இல் வந்த புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் தமிழ் வடிவம்.

அங்காதிபாதம்! பாதாதிகேசம் படித்த காதுக்கு அது எவ்வளவு பழக்கமான சந்தம். ஓவன் தன் டோடோவைத் திருத்திய படம் வந்த அதே 1872இல், தமிழ் மாணவன் ஒருவன் தன் மொழியில் மனித எலும்புகளின் பெயரைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான். கிரேயின் நூலுக்குப் படம் வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். பெயர்களைப் படத்துக்கு வெளியே எழுதி எண் போடாமல், எலும்பின் மேலேயே, தசையின் மேலேயே எழுதினார். படிக்கிறவன் கண் அங்குமிங்கும் ஓட வேண்டாம். நூல் அச்சான 1858இலேயே அவர் பம்பாய்க்கு வந்து அங்கே உடற்கூறு கற்பித்தார்.

தஞ்சாவூரை விட்டுவிடாதீர்கள். சரபோஜி மன்னரின் காலத்தில் கண் நோயாளிகளுக்கு எழுதிய குறிப்பேடுகள் சரசுவதி மகாலில் இருக்கின்றன. ஒவ்வொரு நோயாளியின் கண்ணையும் வண்ணத்தில் வரைந்து, பக்கத்தில் சிகிச்சையை எழுதியிருக்கிறார்கள். பொதுவாக 'கண்' என்று ஒன்றை வரையவில்லை, இன்னாருடைய இந்தக் கண் என்று வரைந்திருக்கிறார்கள். எனக்கு ஓவனின் பெரிய படத்தைவிட அந்தச் சின்னக் கண்கள் மேல்தான் மரியாதை கூடுதல்.

என் புது அட்டையில் கார்ட்டர் வழியைப் பின்பற்றப் போகிறேன். நூல் வேண்டாம். எலும்பின் மேலேயே தமிழ்.

18 பிப்ரவரி, காலை 10.15

புயல் எச்சரிக்கை இரண்டாம் நிலை. பள்ளி இல்லை. சன்னலெல்லாம் அடைத்துவிட்டு மேசையில் அட்டையை விரித்திருக்கிறேன்.

உயிரோடு பார்த்து வரைந்த டோடோ ஒன்றாவது உண்டா என்று தம்பி கேட்டார். உண்டு. 1601இல் இங்கே வந்த கெல்டர்லாந்து என்ற டச்சுக் கப்பலின் நாட்குறிப்பில் இருக்கும் கோட்டுப்படங்கள், உயிரோடோ அப்போதுதான் கொன்றதாகவோ நேரில் பார்த்துப் போட்டவை. தொப்பை சரிந்த குண்டு உருவம் இல்லை. இன்னொன்று மொகலாயர் அரண்மனையில் 1625 வாக்கில் தீட்டியது, உஸ்தாத் மன்சூர் வரைந்ததாகக் கருதுகிறார்கள், இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இருக்கிறது. அதே காலத்தில் சூரத்தில் இரண்டு டோடோக்களைப் பார்த்ததாகப் பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயப் பயணி எழுதியிருக்கிறார். ஒப்பந்தக் கூலிகளாக நாம் இந்தத் தீவுக்கு வருவதற்கு இருநூறு வருஷம் முன்னாலேயே டோடோ இந்தியா போயிருக்கிறது. அந்த மொகலாயப் படத்தில் சுற்றிலும் வேறு பறவைகள், நடுவே பழுப்பு நிறத்தில் டோடோ நிதானமாக நிற்கிறது. அறிஞர்கள் நம்பும் படங்களில் ஒன்று.

சாவ்ரியைக் கொஞ்சம் அதிகமாகவே தாக்கிவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. ஐரோப்பாவுக்குப் போன பறவைகளைக் கூண்டில் அடைத்து, கண்டதைத் தின்னக் கொடுத்திருப்பார்கள். செத்ததைப் பஞ்சடைத்தவர்கள் உப்ப அடைத்திருப்பார்கள். அவர் முன்னால் இருந்தது குண்டாகவே இருந்திருக்கலாம். ஓவியர் பார்த்ததைப் போட்டார். அதை மொத்த இனத்துக்கும் அளவாக எடுத்தவர்கள்மேல்தான் என் வருத்தம்.

18 பிப்ரவரி, இரவு 7.30

மின்சாரம் போய்விட்டு வந்தது. அட்டையில் எலும்புக்கூடு முடிந்தது. நிமிர்ந்து நிற்கிறது. சட்டைப்பையில் இருந்த ரூபாய் நோட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியில் உள்ள டோடோவைப் பார்த்தேன். அதே தாளில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. இரண்டும் ஒரே தாளில் இருக்கிற நாடு உலகத்திலேயே நம்முடையது ஒன்றுதான்.

அட்டையின் கீழ்ப்பகுதியில் பழுப்பு வண்ணத்தில் ஒரு பட்டை போட்டு 'சேம்புக் குட்டை, 1865. வெறுங்காலால் தேடி எடுத்தவர்கள்: கூலி ஆட்கள்' என்று எழுதியிருக்கிறேன். அந்த வரிக்குப் பிறகு ஒரு விரற்கடை வெற்றிடம் விட்டிருக்கிறேன்.

20 பிப்ரவரி, மாலை 3.45

அட்டையின் படத்தை நேற்று இங்கே போட்டதும் ரோஸ் ஹில் அக்கா ஒரு தப்பைப் பிடித்துவிட்டார்கள். பறவையின் காலில் பின்பக்கமாக மடங்குகிற மூட்டில் 'முழங்கால்' என்று எழுதிவிட்டேன். அது கணுக்கால். முழங்கால் மேலே, இறகுக்குள் உடம்போடு ஒட்டி ஒளிந்திருக்கும், நம்முடையதைப் போல முன்பக்கமாகத்தான் மடங்கும். பியேர் பெலோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1555இலேயே மனித எலும்புக்கூட்டையும் பறவை எலும்புக்கூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒத்த எலும்புக்கு ஒத்த எழுத்துப் போட்டுக் காட்டினார். அட்டையில் மனிதனையும் டோடோவையும் பக்கத்தில் வைத்த நானே அதைப் பார்த்துச் சரிசெய்திருக்க வேண்டும். திரியூவின் டோடோவில்தான் முதன்முதலாக முழங்கால் சில்லு கிடைத்தது என்று இங்கேயே எழுதிவிட்டு, அதைத் தவறான மூட்டில் ஒட்டியிருக்கிறேன். ரொம்ப நன்றி அக்கா.

வெள்ளைத் தாளில் 'கணுக்கால்' என்று எழுதி அந்த இடத்தின் மேல் ஒட்டியாயிற்று. முழங்காலை மேலே ஏற்றிவிட்டேன். மழை ஈரத்தில் பசை காயாமல் ஓரம் தூக்கிக்கொண்டிருக்கிறது, மேலே அகராதியை வைத்திருக்கிறேன். காய்ந்ததும் புதுப் படம் போடுகிறேன். திரியூவின் டோடோவைப் பார்க்க என்னோடு போர்ட் லூயி அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் பென்சிலும் கோடில்லாத தாளும் எடுத்து வாருங்கள், கால் பக்கத்திலிருந்து வரையத் தொடங்குவோம்.